சென்சாரை இரண்டு முறை மாற்றியும் போகாத மஞ்சள் விளக்கு

டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால் பலரும் கண்டுகொள்வதில்லை. வண்டிதான் ஓடுகிறதே, அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். உசிலம்பட்டியில் இருக்கும் அந்த ஓய்வுபெற்ற லைன்மேனால் அப்படி விட முடியவில்லை. மின்வாரியத்தில் 31 வருடம் கம்பம் ஏறியவர். ரிட்டயர்மென்ட் பணத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்ரோல் கார் அவருடையது, 2014 மாடல். வாரத்தில் மூன்று நாள் மனைவியை டயாலிசிஸுக்காக மதுரைக்கு அழைத்துப் போவதற்கென்றே வாங்கினார். போக சுமார் 40 கிலோமீட்டர், வர அதே தூரம்.

முதல் தடவை அது நின்றது ஒரு மத்தியான வேளையில். மதுரையிலிருந்து திரும்பும்போது, நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி, செக்கானூரணி வருவதற்குள். சத்தம் எதுவும் இல்லை, இழுவை குறையவும் இல்லை. ஓடிக்கொண்டிருந்த என்ஜின் சட்டென்று அணைந்துவிட்டது. ஸ்டியரிங் கல்லாய் இறுகியது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. டயாலிசிஸ் முடிந்து வருபவர்களுக்கு பி.பி. இறங்கியிருக்கும், எழுந்து நிற்கவே தெம்பு இருக்காது. அப்படிப்பட்ட ஒருவரைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு, புளியமர நிழல்கூட இல்லாத இடத்தில் 20 நிமிடம். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல வண்டி ஸ்டார்ட் ஆனது.

மெக்கானிக் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். திரையில் பி0335. “கிராங்க் சென்சார் போச்சு ஐயா” என்றார். 1,100 ரூபாய்க்குப் புது சென்சார் போட்டு, கோடையும் அழித்துக் கொடுத்தார். ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் மறுபடியும் அதே வேலை, அதே கோட். “போன தடவை போட்டது டூப்ளிகேட்டா இருக்கும்” என்று 2,600 ரூபாய்க்கு கம்பெனி சென்சார் வந்தது. அது மூன்று வாரம் தாங்கியது. அடுத்த முறை, “இனி ஈசியூ-வைத்தான் பார்க்கணும்” என்று சொன்னார். காரின் மூளையான அந்தப் பெட்டிக்கு அவர் சொன்ன விலை, காரை வாங்கிய விலையில் கால்வாசிக்கு வந்தது.

கோயம்புத்தூரிலிருந்து மகன் போனில், “வித்துடுங்கப்பா” என்றான். மனைவியோ, “ஏங்க, நான் வேணா பஸ்லயே போயிட்டு வந்துடுறேன்” என்றார். அதுதான் அவரைத் தூங்கவிடவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் கதையை நிறுத்தி, அந்த சென்சார் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். என்ஜினின் நடுத்தண்டுதான் கிராங்க் ஷாஃப்ட். அதோடு சேர்ந்து ஒரு பல்சக்கரம் சுற்றும். பல கார்களில் அந்தச் சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம் இருக்கும், ஆனால் 58 தான் இருக்கும். வேண்டுமென்றே விட்ட அந்த இரண்டு பல் இடைவெளியை வைத்துத்தான், தண்டு இப்போது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஈசியூ கணக்கிடுகிறது. எப்போது பெட்ரோல் தெளிக்க வேண்டும், எப்போது பிளக்கில் பொறி விட வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான். பற்களைப் பார்த்து எண்ணிச் சொல்வது இந்த சென்சார். அதன் பேச்சு நின்றால் என்ஜினும் நின்றுவிடும்.

சரி, சென்சார்தான் புதிதாயிற்றே?

லைன்மேன் ஒரு காரியம் செய்தார். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஸ்கேனரை வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகி, தன் போனில் பார்த்தார். இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து வந்த கார்களுக்கு ஓபிடி 2 முறை கட்டாயம் என்பதால், அவருடைய காரிலும் அது வேலை செய்தது. கோடுக்குப் பக்கத்தில் இருந்த ஆங்கில விளக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். கிராங்க் ஷாஃப்ட் பொசிஷன் சென்சார் என்பதோடு அது முடியவில்லை. கடைசியில் ‘சர்க்யூட்’ என்று ஒரு வார்த்தை இருந்தது.

பலரும் தாண்டிப் போய்விடும் வார்த்தை அது. சர்க்யூட் என்றால் சென்சார் மட்டுமா? சென்சார், அதன் கனெக்டர், அங்கிருந்து ஈசியூ வரை போகும் வயர், எர்த், எல்லாம் சேர்ந்ததுதானே. ‘இந்தப் பாதையில் தகவல் வரவில்லை’ என்பதைத்தான் கோட் சொல்கிறது. எந்த இடத்தில் அறுந்தது என்று அது சொல்வதில்லை.

“ஒரு வீட்ல கரண்ட் வந்து வந்து போகுதுன்னா மீட்டரையா தம்பி மாத்துவோம்? போஸ்ட்ல இருந்து வீடு வரைக்கும் சர்வீஸ் வயரைப் பாப்போம்ல?” என்று மெக்கானிக்கிடமே கேட்டார். அவர் கோபப்படவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். தலையைச் சொறிந்துகொண்டு, “கொண்டு வாங்க ஐயா, பாப்போம்” என்றார்.

இன்னொன்றையும் அந்த போன் காட்டியது. கோட் பதிவாகும் நொடியில் வேகம் என்ன, என்ஜின் சூடு என்ன, எத்தனை ஆர்பிஎம் என்பதை ஈசியூ சேமித்து வைத்துக்கொள்ளும். இதற்கு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். கோடை அழித்தால் அதுவும் சேர்ந்து அழிந்துவிடும். ஒவ்வொரு முறையும் ‘க்ளியர்’ பண்ணிக் கொடுத்தது உதவி மாதிரி தெரிந்தது, ஆனால் போனதெல்லாம் துப்பு. உங்கள் வண்டியில் விளக்கு எரிந்தால், அழிப்பதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காசா, பணமா?

அடுத்த முறை வண்டி நின்றபோது அவர் அழிக்கவிடாமல் நோட்டில் எழுதிக்கொண்டார். நின்றதெல்லாம் திரும்பி வரும்போதுதான். காலையில் ஆறு மணிக்குப் போகும்போது ஏசி போடுவதில்லை, மத்தியானம் மனைவிக்காகப் போடுகிறார். ஏசி கம்ப்ரஸர் பிடிக்கும்போது என்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கும். பானெட்டைத் திறந்துவைத்து, ஏசியைப் போட்டு அணைத்துப் பார்த்தால், என்ஜின் குலுங்கியது கண்ணுக்கே தெரிந்தது. அதைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் தேய்ந்து போயிருந்தது.

பேட்டரியைக் கழற்றி, ஈசியூ பிளக்கையும் சென்சார் பிளக்கையும் பிரித்து, மல்டிமீட்டரை ‘பீப்’ சத்தத்தில் வைத்து, வயரின் இரண்டு முனைகளையும் தொட்டார்கள். பீப் வந்தது. வயர் நன்றாக இருக்கிறது என்று அதோடு விட்டிருந்தால் கதை ஈசியூ வரை போயிருக்கும். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் பீப் என்றுதான் சொல்லும், இது லைன்மேனுக்குத் தெரியும். மெக்கானிக்கை ஒரு மரக்கட்டை கொடுத்து என்ஜினை லேசாக நெம்பச் சொன்னார். சத்தம் நின்றது. விட்டதும் வந்தது. மறுபடி நெம்ப, மறுபடி நின்றது.

கனெக்டரிலிருந்து ஒரு சாண் தூரத்தில், இரும்பு பிராக்கெட்டில் உரசிய இடத்தில் டேப்பைப் பிரித்தபோது, மேலுறை தேய்ந்து தாமிரம் பச்சை பூத்திருந்தது. எலி கடித்ததோ என்றுதான் முதலில் நினைத்தார்கள். கடித்த தடம் இல்லை, எல்லாம் உரசல். சென்சாரை மாற்றும்போதெல்லாம் அந்த வயரும் கைபட்டு நகர்ந்து, இழைகள் தற்காலிகமாகச் சேர்ந்துகொண்டிருக்கின்றன. ஒன்பது நாளும் மூன்று வாரமும் அப்படித்தான் கிடைத்தன.

கெட்டுப்போன துண்டை வெட்டி, புது வயர் சேர்த்து, சால்டர் வைத்து, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, பிராக்கெட்டில் படாமல் கொஞ்சம் தொய்வாகக் கட்டினார்கள். அதற்குக் கூலியோடு 350 ரூபாய். என்ஜின் மவுன்ட்டுக்கு 1,800. மவுன்ட்டை மாற்றாமல் விட்டிருந்தால், ஒட்டுப்போட்ட வயரும் ஒரு வருடத்தில் இழுத்துக்கொண்டிருக்கும்.

ஓடும்போது உங்கள் கார் இப்படி அணைந்தால் ஒரு விஷயம். பவர் ஸ்டியரிங் கனத்துவிடும், ஆனால் திரும்பும். பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்கக் கூடாது, பூஸ்டரில் மிச்சமிருக்கும் சக்தி சில மிதிகளில் தீர்ந்துவிடும். ஒரே அழுத்தாக அழுத்தி, ஹசார்டு விளக்கைப் போட்டு, ஓரம் கட்டுங்கள்.

சித்திரை வெயிலும் கழிந்துவிட்டது, விளக்கு எரியவில்லை. காரை விலை கேட்டு வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வண்டியோடு வந்த பழைய சென்சார், ‘டூப்ளிகேட்’ என்று கழற்றிய சென்சார், இரண்டையும் தன் வண்டியிலேயே மாட்டி ஓட்டிப் பார்த்தாராம். இரண்டிலும் ஒரு குறையும் இல்லை. எலெக்ட்ரிக்கல் சாமானைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு, மூடி மேல் மார்க்கரால் ‘நல்லது’ என்று எழுதி டிக்கியில் வைத்திருக்கிறார்.