மேசைக்குக் கீழே

ஞாயிறு பகல் பதினொரு மணிக்குப் பிள்ளையளோட வெளியில சாப்பிடுறதெண்டால், என்ர தெரிவு ஸ்காபரோ அஜின்கோர்ட் பக்கத்து டிம்சம் கடைகள்தான். 1984இல் கிளென் வொட்ஃபோர்ட் வீதியில் டிராகன் சென்ரர் திறந்த காலம் தொட்டே சீனக் குடும்பங்கள் கூடுகிற பகுதி அது. பெரிய வட்ட மேசை, கிழவி முதல் கைக்குழந்தை வரை ஒன்றாக இருப்பார்கள். அந்த இரைச்சலுக்குள் எங்கட பிள்ளையின் சத்தம் தனியாகக் கேட்காது. சாப்பாடும் கெதியாக வரும். இரண்டு வயசுக்காரனை இருபது நிமிஷம் காக்க வைக்கிறது என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

போன மாதம் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனோம். சின்னவன் ஹைசெயாரில் இருந்து சோற்றைப் பிடி பிடியாகக் கீழே போட்டு, விழுறதை ரசிச்சுக்கொண்டிருந்தான். பில் வந்த நேரம் திரும்பினால் அப்பாவைக் காணேல்லை. மேசைக்குக் கீழே முழங்காலில் நின்று, பேப்பர் நப்கினால் சோறு பொறுக்கிறார். எழுபத்தொரு வயசு. பக்கத்து மேசை பார்க்குது. எனக்கு முகம் சுட்டது.

"எழும்புங்கோ அப்பா. அது அவையின்ர வேலை. நான் ரிப்ஸ் கூட வைக்கிறன்."

"ரிப்ஸ் ஆருக்குப் போகும்?" கீழே இருந்தே கேட்டார்.

1987இல் வந்தவர் அப்பா. கிங் வீதியில் ஒரு உணவகத்தில் ஒன்பது வருஷம் கோப்பை கழுவினவர். அந்தக் காலத்தில் வந்த எத்தனையோ தமிழ் ஆம்பிளையளுக்கு முதல் வேலை அதுதான். கடை பூட்டின பிறகு தரை துடைக்கிறதும் அவர்தானாம். கம்பளத்தில் காய்ந்த சோற்றை நகத்தால் கிளப்ப வேணுமாம். முன்னுக்கு விழுந்த ரிப்ஸில் ஒரு சதமும் குசினிக்கு வரேல்லையாம். இதெல்லாம் காரில் திரும்பி வரேக்கதான் சொன்னார். சின்னனில் எங்களை ஒருநாளும் இருந்து சாப்பிடுற கடைக்குக் கூட்டிக்கொண்டு போகாததற்குக் காசுதான் காரணம் என்று இவ்வளவு காலமும் நினைச்சிருந்தேன்.

ஒன்ராறியோவில் 2016 ஜூனில் இருந்து, பொதுவாக முதலாளி ரிப்ஸைப் பிடிச்சு வைக்கக்கூடாது; ஊழியர்களுக்குள் பிரிச்சுக் குடுக்கலாம். குசினிக்கு எவ்வளவு என்பது கடைக்குக் கடை வேற. மெஷினில் 18% ஐ அமத்திப்போட்டு நிம்மதியாக எழும்புற ஆள் நான். கேட்டதேயில்லை.

இப்ப பையில் ஒரு பிளாஸ்ரிக் விரிப்பு இருக்கு, ஹைசெயாருக்குக் கீழே விரிக்க. பிள்ளை கத்தினால் ஒரு ஆள் வெளியில தூக்கிக்கொண்டு போறது, மற்ற ஆள் சாப்பாட்டைப் பெட்டியில் போடுறது என்று மனிசியோட ஒப்பந்தம். ஐபாட் பற்றி நான் கதைக்க மாட்டன். சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுக் குடுக்கிற ஆள்தான். சோற்றை ஈரத்துணியால் துடைச்சால் நசிஞ்சு ஒட்டுமாம், முதலில் பொறுக்க வேணுமாம். இது அப்பாவின் பாடம்.

இந்த ஞாயிறும் போனோம். தும்புத்தடியோட வந்த அக்கா கீழே பார்த்திட்டுச் சும்மா திரும்பிப் போனா. ஏழு வயசு மகள் குனிந்து பார்த்துச் சொன்னாள்:

"அப்பப்பா, உங்கட கதிரைக்குக் கீழதான் ரெண்டு சோறு கிடக்கு."