உலைக்கூடத்தில் தொடங்கும் ஸ்பின் ஓட்டம்

ஜப்பானின் செண்டாய் நகரில் உள்ள டோஹோகு பல்கலைக்கழகத்தின் கடாஹிரா வளாகத்துக்குக் காந்தம் புதிதல்ல. 1917-இல் ஹோண்டா கோடாரோ கே.எஸ். எஃகை உருவாக்கியது இந்தப் பல்கலைக்கழகத்தில்தான். கோபால்ட்டும் டங்ஸ்டனும் குரோமியமும் கலந்த அந்த எஃகை மிஞ்சும் நிரந்தரக் காந்தம் அன்றைக்கு இல்லை. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த சுமிதோமோ கிச்சிசாயிமோனின் முதலெழுத்துகளையே அதற்குப் பெயராக வைத்தார்கள். 2010-இல் இதே பல்கலைக்கழகத்தின் சைட்டோ எய்ஜி குழுவினர், மின்சாரத்தைக் கடத்தாத ஒரு காந்தப் பொருளில் ஒரு பக்கம் மின் சமிக்ஞையைக் கொடுத்து மறுபக்கம் அதைத் திரும்பப் பெற்றுக் காட்டினார்கள். இடையில் பயணம் போனது மின்சாரம் அல்ல, எலெக்ட்ரானின் காந்தத் தன்மைக்குக் காரணமான ஸ்பின்னின் ஓட்டம்.

அந்தப் பொருள் யிட்ரியம் இரும்பு கார்னெட். ஆய்வகத்தில் சுருக்கமாக 'யிக்' என்கிறார்கள். 1956-இல் பிரான்சின் கிரெனோபிளில் பெர்த்தோவும் ஃபோராவும் கண்டறிந்தது. அதன் கோட்பாட்டைப் பலர் எழுதிவிட்டார்கள். அதை வளர்க்கும் கைகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு என்பதால் நான் முதலில் கடாஹிராவின் உலைக்கூடத்துக்குத்தான் போனேன்.

யிக்கை அப்படியே உருக்கி ஆறவைத்து எடுக்க முடியாது. உருகும்போதே அது சிதைந்துவிடும். அதனால் ஈய ஆக்சைடும் போரான் ஆக்சைடும் உருகிய குழம்பில் யிட்ரியம் ஆக்சைடையும் இரும்பு ஆக்சைடையும் கரைக்கிறார்கள். பிளாட்டினம் மூசையில், ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில், கொள்ளளவுக்குச் சற்று மீறியே சரக்கைச் சுமந்தபடி குழம்பு நிற்கும். அதற்குள் காடோலினியம் காலியம் கார்னெட் தகடு ஒன்றை இறக்கினால், கரைந்திருந்ததெல்லாம் அதன்மேல் அடுக்கடுக்காகப் படிகமாகிறது. தகட்டின் படிக அலகு 12.383 ஆங்ஸ்ட்ராம், யிக்கின் அலகு 12.376. இவ்வளவு நெருங்கிய பொருத்தம் இருப்பதால்தான் மேலே வளரும் படலம் விரிசலில்லாமல் வளர்கிறது. 1970-களில் காந்தக் குமிழி நினைவகங்களுக்காக மெருகேறிய முறை இது. அந்த நினைவகங்கள் சந்தையில் நிலைக்கவில்லை, வளர்க்கும் தொழில் மட்டும் தங்கிவிட்டது.

உலையைப் பார்த்துக்கொள்பவர் ஐம்பதைத் தாண்டிய தொழில்நுட்பர். நிறமற்ற தகட்டைப் பிளாட்டினம் கம்பிப் பிடியில் கிடையாக அமர்த்தி, மெல்லச் சூடேற்றி, சுழலவிட்டபடியே குழம்பில் இறக்கினார். சில நிமிடங்களில் மேலே தூக்கி, சுழற்சியைச் சட்டென்று கூட்டினார். ஒட்டியிருக்கும் குழம்பு சிதறித் தெறிக்கவேண்டும். ஒரு துளி தங்கினாலும் ஆறும்போது அந்த இடத்தில் படலம் கெட்டுவிடும். அமிலத்தில் கழுவிய பிறகு இடுக்கியால் விளிம்பைப் பிடித்து விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்த்தார். கண்ணாடிபோல் உள்ளே போன தகடு பழுப்பு மஞ்சளாக வந்திருந்தது. ஓரத்தில் ஒரு மங்கல் கோடு. நோட்டைத் திறந்து வட்டம் போட்டு, கோடு எங்கே விழுந்திருக்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டார்.

நான் அதிக நேரம் செலவிட்டது அந்த நோட்டோடுதான். உடன் வந்த ஆய்வு மாணவர் பக்கம் பக்கமாகப் பொருள் சொன்னார். ஒவ்வொரு தடவை சூடேறும்போதும் குழம்பிலிருந்து கொஞ்சம் ஈய ஆக்சைடு ஆவியாகிவிடுகிறது. அதனால் போன மாதம் சரியாக இருந்த வெப்பநிலை இந்த மாதம் சரிப்படாது. ஈயமும், மூசையிலிருந்து பிளாட்டினமும் இம்மியளவு படலத்துக்குள் ஏறிக்கொள்ளும். குழம்பின் வயதை இயந்திரம் காட்டுவதில்லை, நோட்டுதான் காட்டுகிறது. அடுத்த வளர்ப்புக்கு எத்தனை டிகிரி மாற்றுவது என்பதை அவர் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தே முடிவு செய்கிறார்.

இம்மியளவு ஈயத்துக்கு ஏன் இத்தனை கவலை? யிக்கில் எலெக்ட்ரான் இடம்பெயர்வதில்லை. மைக்ரோ அலை பட்டதும் அணுக்களின் காந்தத் திசை சாய்ந்து சுற்றத் தொடங்குகிறது. அந்தச் சுற்று பக்கத்து அணுவுக்கும், அங்கிருந்து அடுத்ததற்கும் போகிறது. இதுதான் இங்கே ஸ்பின் ஓட்டம். கட்டட வேலையில் ஆட்கள் நின்ற இடத்தில் நின்றபடி செங்கல்லைக் கைமாற்றி மாடிக்கு ஏற்றுவதைப் போல. மின்னூட்டம் நகராததால் கம்பியைச் சூடாக்கும் ஜூல் வெப்பம் இங்கே எழாது. ஸ்பின்னைக் கொண்டு சாதனங்கள் செய்ய முனையும் ஸ்பின்ட்ரானிக்ஸ்காரர்கள் இதன்மேல் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு அடிப்படை இதுதான். நிக்கல்-இரும்புக் கலவையான பெர்மல்லாயில் இந்தச் சுற்று சீக்கிரம் அடங்கிவிடும். நல்ல யிக் படிகத்தில் அதைவிட நூறு மடங்குக்கும் மேல் நீடிக்கும். ஈயம் புகுந்தால் அந்த அனுகூலம் கரையத் தொடங்குகிறது.

அடுத்த அறையில் படலத்தின்மேல் பிளாட்டினம் ஏற்றுகிறார்கள். சுற்றிக்கொண்டிருக்கும் காந்தம் தன்னைத் தொட்டிருக்கும் உலோகத்துக்குள் ஸ்பின்னைத் தள்ளும் என்று 2002-இல் ட்செர்கோவ்னியாக், பிராட்டாஸ், பவர் மூவரும் கணக்கிட்டுக் காட்டினார்கள். கணக்கில் காந்தத்துக்கும் உலோகத்துக்கும் இடையிலான எல்லை ஒரு கோடு. இங்கே அது ஒரு நாள் வேலை. வெட்டிய துண்டைக் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கரைசலில் இட்டுக் கரிம அழுக்கை நீக்குகிறார்கள். முகக்கவசமும் தடித்த கையுறையும் அணிந்த இளம் பெண் ஆய்வாளர், புகைபோக்கிப் பெட்டிக்குள் இதைச் செய்யும்போது யாரோடும் பேசவில்லை. பிறகு வெற்றிட அறையில் ஸ்பட்டரிங் முறையில் பத்து நானோமீட்டருக்கு மிகாமல் பிளாட்டினம். நடுவில் ஓர் அழுக்கு அடுக்கு தங்கிவிட்டால் ஸ்பின் அங்கேயே நின்றுவிடும். மேலே எவ்வளவு நேர்த்தியான பிளாட்டினம் இருந்தும் பயனில்லை.

அளவீட்டு மேசையில் துண்டின் இரு முனைகளிலும் மயிரிழைக் கம்பி ஒட்டி, மின்காந்தத்தின் நடுவே வைக்கிறார்கள். நொடிக்குச் சுமார் 900 கோடி அலைவுகள் கொண்ட மைக்ரோ அலை. காந்தப்புலத்தை மெல்லக் கூட்டினால், குறிப்பிட்ட ஒரு புள்ளியில் திரையில் மேடு எழுகிறது. பிளாட்டினத்துக்குள் நுழைந்த ஸ்பின் ஓட்டம் பக்கவாட்டு மின்னழுத்தமாக மாறியிருக்கிறது. அளவு மைக்ரோவோல்ட்டில்தான். மாணவர் உடனே புலத்தைத் திருப்பிவிட்டார், மேடு பள்ளமானது. வெறும் வெப்பத்தால் கம்பி முனைகளில் எழும் மின்னழுத்தமாக இருந்தால் இப்படிக் குறி மாறாது. இன்னொரு சோதனையும் உண்டு: பிளாட்டினத்துக்குப் பதில் டங்ஸ்டன் இட்டால் குறி தலைகீழாக வரவேண்டும். இந்தத் துறையில் என் மதிப்பைப் பெற்றது இந்தச் சந்தேகப் பழக்கம். கிடைத்த சமிக்ஞையைக் கொண்டாடுவதற்கு முன்னால் அது பொய்யாக இருக்க எத்தனை வழி உண்டோ அத்தனையையும் அடைக்கப் பார்க்கிறார்கள்.

பல ஆய்வுக் கட்டுரைகளில், படிகம் வளர்த்தவருக்குக் கிடைப்பது கடைசிப் பத்தியில் ஒரு வரி நன்றி. அது போதாது என்று நினைக்கிறேன். மேட்டின் உயரத்தில் பாதி நிர்ணயமாவது உலைக்கூடத்தில். அந்தப் பென்சில் குறிப்புகள் அச்சேறாமலே போனால், அடுத்து அந்த இடத்துக்கு வருபவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்கவேண்டும்.

அன்று அளந்த துண்டில் மேடு எதிர்பார்த்ததைவிடக் குட்டை. மாணவர் வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு உலைக்கூடத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். தொழில்நுட்பர் நோட்டில் அந்தத் துண்டின் எண்ணைத் தேடி எடுத்தார். குழம்பு பழசாகிப் படலத்தில் ஈயம் கூடியிருக்கும் என்பது மாணவரின் கட்சி. அதே குழம்பில் அடுத்து வளர்ந்த தகடு நன்றாக இருந்ததே, கழுவியதில்தான் குறை என்று இவர் விடவில்லை. கடைசியில் அதே தகட்டின் மீதிப் பாதியை மறுபடி கழுவி, புதிதாகப் பிளாட்டினம் ஏற்றி, வியாழக்கிழமை அளப்பது என்று முடிவானது.