குழந்தைக்குக் குளிருதா?

ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்பார்கள், "அமெரிக்காவில் நீ டாக்டரா, நர்ஸா?" இரண்டும் இல்லை. ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் என்றால் விழிப்பார்கள். "மூச்சு மெஷினைப் பார்த்துக்கொள்கிற வேலை" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். பெரும்பாலும் குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், நைட் ஷிப்டில்தான் என் காலம் போனது.

1963இல் அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். இரண்டு கிலோவுக்கு மேல் எடை. நுரையீரல் விரியவில்லை, இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. தொண்ணூறுகளில் நான் பார்த்த எழுநூறு கிராம் குழந்தைகளில் பலர் வீடு திரும்பினார்கள். நுரையீரலை விரியவைக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்து அதற்குள் வந்திருந்தது, கூடவே ஆசிலேட்டரும்.

சாதாரண வென்டிலேட்டர் காற்றைத் தள்ளித் தள்ளியே அந்தப் பிஞ்சு நுரையீரலைப் புண்ணாக்கிவிடும் என்று தோன்றினால் ஆசிலேட்டருக்கு மாற்றுவோம். அது நுரையீரலை விரிந்தபடியே வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு 900 தடவை வரை காற்றைத் துளித்துளியாக அசைக்கும். நெஞ்சு ஏறி இறங்காது, நடுங்கும். ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் மூச்சுச் சத்தம் கேட்காது. எங்கள் ஊர் மாவு மில் மாதிரி ஒரே கடகடப்பு. அதனால் கண்ணால்தான் பார்க்க வேண்டும். நடுக்கம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, தொப்புள் வரை தெரிய வேண்டும்.

அதைப் பார்க்கிற அம்மாக்கள் முதலில் கேட்பது, "குழந்தைக்குக் குளிருதா?"

இருபத்தைந்து வாரத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தையின் அம்மாவும் அதையே கேட்டார். விளக்கிச் சொன்னேன். குழந்தையைத் தூக்க முடியாது, அதனால் அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விடிகாலை மூன்று மணிக்கு, "நடுக்கம் குறைந்த மாதிரி இருக்கிறதே" என்றார். மானிட்டரில் ஆக்சிஜன் 92. "நன்றாகத்தான் இருக்கிறாள்" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். எத்தனை வருட அனுபவம் எனக்கு!

பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டார். இந்த முறை விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தேன். நெஞ்சில் அசைவே இல்லாத மாதிரி இருந்தது. தோலில் ஒட்டிய சென்சாரில் கரியமில வாயுவின் அளவு ஏறிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் கடைசியில்தான் விழும் என்று புதியவர்களுக்குப் பாடம் எடுத்தவள் நான். முதல் முறை அந்த இன்னொரு எண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குழாயில் சளி அடைத்திருந்தது. நர்ஸும் நானும் உறிஞ்சி எடுத்தோம், நடுக்கம் திரும்பியது. அத்தோடு விட்டுவிட முடியாது. கரியமில வாயு மளமளவென்று இறங்கினால் மூளைக்குப் போகும் ரத்தம் குறையும். டாக்டர் வந்தார். நடந்ததைச் சொன்னேன், அந்தப் பத்து நிமிடத்தையும் சேர்த்தே எழுதிவைத்தேன்.

பிறகு அந்த அம்மாவிடம் போய், "நீங்கள் முதலில் சொன்னபோதே நான் பார்த்திருக்க வேண்டும்" என்றேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "இப்போது சரியாக நடுங்குகிறாளா?" என்று மட்டும் கேட்டார்.

நான்கு மாதம் கழித்து வீட்டுக்குப் போனாள் அந்தக் குழந்தை. ஆனால் அன்று இரவு அது எங்களுக்குத் தெரியாது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஷிப்ட் முடியும் வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்த வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.