நூலுள் நூல்

பழைய அச்சு நூல்களின் இறுதியிற் பிழைதிருத்தப் பட்டியல் ஒன்றிருப்பதை நம் கல்லூரி மாணவர் யாவரும் கண்டிருப்பர். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்பன அதில் நிரல்பட நிற்கும். கணினிச் செய்நிரல் எழுதுவோரும் இவ்வாறே திருத்தம் அனுப்புகின்றனர் என்பதை என் பழைய மாணவர் ஒருவர் வாயிலாக அறிந்தேன். அதனை ஒட்டு என்பர். மாறும் வரிகளோடு, முன்னும் பின்னும் மாறாத மும்மூன்று வரிகளையும் அது பொதுவாகத் தாங்கிவரும். ஆதலின் வரியெண் சிறிது பிறழினும் உரிய இடத்தைக் கண்டுகொள்ளலாம். இவ்வொட்டுக்களைத் தானே பொருத்தும் கருவியை லறி வோல் என்பார் 1985இல் வெளியிட்டார்.

2005இல் லைனஸ் ரோர்வால்ட்ஸ் தொடக்கிய கிற் என்னும் முறை, செய்நிரலின் ஒவ்வொரு நிலையையும் களஞ்சியமொன்றிற் பேணுகின்றது. ஒரு களஞ்சியத்துள் இன்னொன்றையும் வைக்கலாம். மூலத்தைத் தன்னகத்தே கொண்ட உரைநூல் போல்வது அஃது. ஆயின், புறக்களஞ்சியம் அகத்தின் வரிகளைப் பதிவதில்லை. அதன் நிலையைக் குறிக்கும் அடையாளம் ஒன்றையே பதியும். அகத்தில் ஆயிரம் வரிகள் மாறினும், புறத்தின் ஒட்டில் அவ்வடையாளம் மாறியது மாத்திரமே தோன்றும்.

இரண்டிலும் ஒட்டுக்களைப் பொருத்தும் செய்நிரலொன்றை எழுதிய அம்மாணவர், "ஐயா, கட்டுரை திருத்துமாப்போல இதனையும் பாருங்கள்" என்றார். அம்மொழி யான் அறியேன். அவர் வரிவரியாகப் பொருள் கூற, யான் வினாவினேன்.

"அகத்தில் ஒட்டு ஏறியபின் புறத்தில் ஏறாதொழியின் யாதாகும்?"

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், எல்லா ஒட்டுக்களையும் முன்னரே சோதித்து, யாவும் பொருந்தினாலன்றி எதனையும் மாற்றாதவாறு அமைத்தார்.

"ஒட்டிற் கண்ட கோப்பின் பெயர் களஞ்சியத்துக்கு வெளியே சுட்டினால்?"

இதன் அபாயத்தை அவரே விளக்கினார். அகக்களஞ்சியத்தின் பெயர் வழியாகத் தீயோர் தம் செய்நிரலைப் பிறர் கணினியில் இயக்கத்தக்க குறையொன்று கிற்றிலேயே இருந்து, 2018இல் திருத்தப்பட்டதாம். அத்தகைய பெயர்களை மறுக்கும் வரிகளையும் அன்றே சேர்த்தார்.

புறத்தே ஓர் அடையாளம் மாறியது கண்டு "சரி" என ஒப்பமிடுவோர் அகத்தைப் படித்தவரல்லர். அவ்வொப்பத்தை நம்பியே பலர் அச்செய்நிரலைத் தம் கணினியில் ஏற்றுவர். கொப்பிகளைக் குவித்துவைத்துத் திருத்தும் ஆசிரியர்க்கும் இது பொருந்தும். எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையாற் சுழித்துவிட்டு, கருத்தைப் படியாது கையொப்பமிட்டால், மாணவன் அதனைச் சரியென்றே கொண்டு வாழ்நாள் முழுதும் செல்வான். திருத்துவோர் நூலுள் இருக்கும் நூலையும் திறந்து படித்தல் கடன்.