துலக்கியதால் தொலைந்தவை

உங்கள் வீட்டு அலமாரியின் மூலையிலும் பாட்டனார் காலத்துத் தகரப்பெட்டி ஒன்று இருக்கலாம். அதனுள்ளே பச்சை பூத்த பழங்காசுகள் சில கிடக்கலாம். அவற்றைத் துலக்கிப் பளபளப்பாக்கும் ஆசை உங்களுக்கு எழுமுன், இந்த எளியேன் செய்த பிழையைச் சற்றுக் கேளுங்கள்.

நான் பரங்கிப்பேட்டையில் பிறந்து, பணியின் நிமித்தம் நெய்வேலி நகரியத்தில் குடியேறியவன். என் உம்மா எங்களோடு தங்க வந்தபோது, மர்ஹூம் வாப்பா விட்டுச்சென்ற பத்துச் செப்புக்காசுகளைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார்கள். அவை ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா (1749–1795) காலத்தவை. அச்சிறு காசுகளில் பார்ஸி எழுத்தில் பொறித்திருந்த நவாபின் பெயரை, வாப்பா விரலால் தடவியபடியே எங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள்.

என் மகளின் நிக்காஹ் நெருங்கியது. வரும் சம்பந்திகளுக்குக் காட்டவேண்டும் என்ற பெருமை எனக்கு. பித்தளைப் பாத்திரம் துலக்குவதுபோலவே, புளியும் சாம்பலும் இட்டு ஆறு காசுகளைத் தேய்த்தேன். அவை புதுச்செம்பாய் மின்னின. பார்வை மங்கியிருந்த உம்மா ஒன்றைக் கையில் வாங்கிப் பெருவிரலால் தடவினார்கள். மறுபுறமும் தடவினார்கள். பிறகு, “எழுத்து எங்கே, வாப்பா?” என்று என்னைக் கேட்டார்கள். நான் என்ன பதில் சொல்வேன்?

வேதியியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் பின்னர் விளக்கினார். நெடுங்காலம் ஈரத்திலும் உப்பிலும் கிடந்த செம்பின் மேற்பரப்பே களிம்புப் படலமாக மாறிவிடுகிறது. எழுத்தின் வடிவம் பெரும்பாலும் அப்படலத்திலேயே தங்கியிருக்கும். புளியின் அமிலம் அதைக் கரைக்கிறது. சாம்பல் எஞ்சியதை அராவுகிறது. நெய்வேலிச் சுரங்கத்தில் மேல்மண்ணை அகற்றினால்தான் பழுப்பு நிலக்கரி கிடைக்கும். காசிலோ அந்த மேற்படலமே புதையல்! இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் சங்ககாலச் செப்புக்காசில் ‘பெருவழுதி’ என்னும் பெயரைத் தமிழ்ப் பிராமி எழுத்தில் படித்தறிந்தார்கள். அக்காசு என்போன்றவன் கையில் அகப்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எஞ்சிய நான்கு காசுகளை நண்பர் சொன்னவாறே பேணினேன். காய்ச்சி வடித்த நீரில் அவற்றை ஊறவிட்டு, சில நாட்களுக்கு ஒருமுறை நீரை மாற்றினேன். இளகிய மண்ணை மட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் மூங்கில் ஈர்க்கால் மெல்ல நீக்கினேன். அழுத்தமான பச்சையையும் கருமையையும் தொடவில்லை. பல வாரங்கள் சென்றபின், ஒரு காசில் ‘வாலாஜா’ என்னும் பெயரின் ஒரு பகுதி துலங்கியது. அல்ஹம்துலில்லாஹ்!

ஆயினும் எல்லாப் பச்சையும் ஒன்றன்று. மற்றொரு காசில் வெளிறிய பச்சைப் பொடி உதிர்ந்துகொண்டே இருந்தது. இதனை ‘வெண்கல நோய்’ என்பர். செம்போடு சேர்ந்த குளோரைடு, காற்றின் ஈரத்தோடு கூடி அமிலத்தை உண்டாக்கி உலோகத்தை மேலும் மேலும் அரிக்கும். அத்தகைய காசைத் தனியே பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். மருந்துகளை நாமே பூசிப் பார்த்தல் கூடாது. பயின்றவர்களிடம் காட்டுவதே நன்று. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இத்தகைய பொருள்களைப் பேணுவதற்கென்றே வேதியியல் ஆய்வுக்கூடம் உள்ளது.

இன்னும் சில: காசை விளிம்பில் பிடியுங்கள், விரலின் வியர்வையும் உப்பே. மென்மையான பி.வி.சி. உறைகளில் இடாதீர்கள், நாளடைவில் அவை காசைக் கெடுக்கும். வெள்ளிக்காசின் கருமையைத் தேய்த்தெடுத்தால் வெள்ளியும் சிறிது சிறிதாய்த் தேயும். தேய்த்த காசைச் சேகரிப்பாளர்களும் விரும்புவதில்லை.

துலங்கிய அந்த ஒரு காசை உம்மாவின் கையில் வைத்தேன். நெடுநேரம் தடவிப் பார்த்தவர்கள், “இருக்கு” என்று மட்டும் சொன்னார்கள். இன்று உம்மாவும் இல்லை. எழுத்திழந்த ஆறு காசுகளையும் நான் எறிந்துவிடவில்லை. மற்ற நான்கின் அருகிலேயே வைத்திருக்கிறேன், பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக. முன்னோர் விட்டுச்சென்றது நமக்கு அமானிதம். அதனை அழகுபடுத்துமாறு அவர்கள் நம்மைக் கேட்கவில்லை. காத்துக் கொடுத்தால் போதும்.