வெறுமையாகத் திரும்பாத கிண்ணம்

மகிழ்ச்சியைப் பெருநாளுக்கென ஒதுக்கிவிட்டு, ஏனைய நாட்களைக் கடமைக்கு விட்டுவிடுவோர் பலர். அன்பார்ந்த மாணவச் செல்வங்களே, எமக்கு அதில் உடன்பாடில்லை. எம் அன்னையார் அண்டை வீட்டாருக்குக் குழம்பு அனுப்பிய கிண்ணம் ஒருநாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை. நான்கு முருங்கைக்காயோ, ஒரு பிடி கறிவேப்பிலையோ அதனுடன் வரும். சுமந்து சென்ற சிறார்களாகிய எம்மிடம் வீட்டார் அனைவரின் நலமும் விசாரிக்கப்படும். குழம்பினும் அவ்விசாரிப்பே சுவை மிக்கது!

அச்சுவையை ஆய்வாளரும் கண்டுள்ளனர். 1938-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வு, 724 ஆடவரின் வாழ்வைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. ஐம்பது வயதில் உறவுகளில் மிகுந்த நிறைவு கண்டோரே எண்பதில் மிக்க நலத்துடன் இருந்தனராம். முதுமை எவ்வாறு அமையும் என்பதை, இரத்தத்திலுள்ள கொழுப்பின் அளவைவிட அந்நிறைவே நன்கு உணர்த்தியதாம்.

விடுதி உணவுக்கூடத்தில் எட்டுப்பேர் ஒரே மேசையில் அமர்ந்து, எட்டுக் கைப்பேசிகளை நோக்கியவாறு உண்பதைக் காண்கையில் எமக்கு அச்சமே மிகுகிறது.

எம் துறையில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், துணைவியாரை இழந்தபின், மாலைதோறும் தேநீர் வேளைக்கு வந்து செல்கிறார். பேசுவது சில சொற்களே. அவர் வாராத நாளில், எவரேனும் ஒருவர் அவர் இல்லம்வரை சென்று பார்த்த பின்னரே வீடு திரும்புகிறோம்.