அறுபது நாள் ஓடிய டிராம்

2010 குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டி, வான்கூவரில் கிரான்வில் தீவுக்கும் ஒலிம்பிக் வில்லேஜ் ஸ்டேஷனுக்கும் இடையே 1.8 கிலோமீட்டருக்கு 60 நாள் ஒரு டிராம் ஓடியது. பிரஸ்ஸல்ஸிலிருந்து இரவல் வாங்கிய வண்டிகள் இரண்டே இரண்டு. ஏறியவர்கள் கணக்கு 5 லட்சத்தைத் தாண்டியது. படியே கிடையாது, குழந்தை வண்டியை அப்படியே உருட்டிக்கொண்டு ஏறலாம். மார்ச்சில் ஓட்டம் முடிந்தது, வண்டிகள் திரும்பிப் போயின.

நிறுத்தியது தவறு என்றே நினைக்கிறேன். டிக்கெட் இலவசம், ஊரெல்லாம் விழாக்கூட்டம், அந்தப் பயணிகள் கணக்கை நம்பலாமா என்பார்கள். நியாயமான கேள்வி, சாதாரண நாளில் கூட்டம் குறையத்தான் செய்யும். ஆனால் பாதையைச் சீரமைக்க நகராட்சி பல மில்லியன் டாலர் ஏற்கெனவே போட்டுவிட்டது. பஸ் போதுமென்றால், அது கார் நெரிசலில் நிற்கும். டிராமுக்குத் தனிப்பாதை இருந்தது. வண்டிகளை வாடகைக்கு எடுத்து, கட்டணம் வாங்கி, ஒரு வருடமாவது ஓட்டியிருந்தால் உண்மையான தேவை தெரிந்திருக்கும்.